பரங்கிமலைச் சாலையில் தொப்பிகள்

1967 தேர்தலின்போது பரங்கிமலைத் தொகுதிச் சுவர்களில் ஒட்டப்பட்ட எம்.ஜி.ஆர். படத்தில் கழுத்தைச் சுற்றிக் கட்டு இருந்தது. தலையில் ஒன்றும் இல்லை. அந்த ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு பாய்ந்து மருத்துவமனையில் கிடந்தார் வேட்பாளர். ஒரு தெருவுக்குக்கூட வாக்குக் கேட்டுப் போகாமல் ஜெயித்தார். 1971இல் அதே பரங்கிமலையில் மீண்டும் நின்றபோது அவர் வேறு ஆளாக வந்தார்: வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. இடையில் நடந்தது ஒரு படப்பிடிப்பு. 1969 மே 1ஆம் தேதி வெளியான 'அடிமைப் பெண்' படத்துக்காக ராஜஸ்தான் போனவர், அங்கே தலைக்கு ஏறிய தொப்பியை அதன் பிறகு பொது இடத்தில் கழற்றவே இல்லை. முடி குறைந்ததை மறைக்க என்று சொன்னவர்கள் உண்டு. காரணம் எதுவானால் என்ன, சில ஆண்டுகளில் அந்தத் தொப்பியே அவராகிவிட்டது. 1987 டிசம்பரில் ராஜாஜி மண்டபத்தில் அவர் உடல் வைக்கப்பட்டிருந்தபோதும் தலையில் தொப்பி இருந்தது. தமிழ்நாட்டில் ஓர் ஆண்மகனின் தொப்பியை இத்தனை கோடிப் பேர் அடையாளம் கண்டுகொண்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய பரங்கிமலை வட்டாரத்துக்குத் தொப்பி புதிதல்ல. மலையடிவாரத்தில் தொடங்கி பல்லாவரம், குரோம்பேட்டை வழியாகத் தாம்பரம் வரை போகும் ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொப்பிக்காரர்களின் ஊர். 'தொப்பிக்காரர்' என்ற சொல்லுக்கே பழைய தமிழில் வெள்ளைக்காரர் என்று பொருள். பரங்கிமலையில் சென்னை மாகாணத்துப் பீரங்கிப் படை இருந்தது. பல்லாவரத்தில் சிப்பாய்களின் பாளையம் இருந்தது; ஓய்வுபெற்ற வெள்ளைச் சிப்பாய்கள் குடியிருந்த தெருக்களுக்கு இன்றும் வெட்டரன் லைன்ஸ் என்றுதான் பெயர். பின்னால் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய வந்தன. ஊர்க்காரர்கள் அவர்களைச் 'சட்டைக்காரர்' என்றார்கள். சட்டை, தொப்பி என்று உடுப்பை வைத்தே ஆளை இனம்பிரித்த காலம் அது.

தொப்பி வருவதற்கு முன்னால் தமிழர் தலை வெறுமையாக இருந்தது என்று நினைக்கக் கூடாது. எந்த வேளைக்கு எதைத் தலையில் வைப்பது என்பதற்கு உலகத்திலேயே மிக நுட்பமான விதி வகுத்தவர்கள் பழந்தமிழர்கள் என்று துணிந்து சொல்லலாம். ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடினான். அதை மீட்கப் போகிறவன் கரந்தை. மண்ணைப் பிடிக்கப் படையெடுத்தால் வஞ்சி, கோட்டையை முற்றுகையிட்டால் உழிஞை, உள்ளிருந்து காத்தால் நொச்சி, நேருக்கு நேர் மோதினால் தும்பை, வென்றால் வாகை. தலையைப் பார்த்தே இவன் என்ன காரியமாகப் போகிறான் என்று தெரிந்துவிடும். சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று குடிக்கும் தனிப் பூ உண்டு. பூ போய்விட்டது, சொல் போகவில்லை. கிரிக்கெட்டில் ஜெயித்தாலும் செய்தித்தாள் 'வாகை சூடியது' என்றுதான் எழுதுகிறது.

பூவுக்குப் பின் துணி. பாகை, முண்டாசு, உருமால், பரிவட்டம், சும்மாடு என்று ஒரே துணிக்கு எத்தனை பெயர். இவற்றில் எதுவும் மற்றொன்றுக்கு மாற்று அல்ல. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைச் சந்தையில் மூட்டை இறக்குகிறவரின் கையைக் கவனித்தால் விளங்கும். வெயிலுக்கு முண்டாசு கட்டும்போது துண்டை விரித்து, நெற்றியில் ஒரு விளிம்பை வைத்துப் பின்னால் கொண்டுபோய், இரு முனையையும் குறுக்கே மாற்றி மீண்டும் முன்னால் இழுத்துச் செருகுகிறார். மூட்டை வந்ததும் அதே துண்டை அவிழ்த்து நீளவாக்கில் முறுக்கி, வளையமாகச் சுருட்டி உச்சியில் வைத்தால் சும்மாடு. பாரம் நடுத்தலையை அழுத்தாமல் சுற்றிலும் பரவும். மூட்டையை இறக்கிய பிறகு அதே துண்டு முகம் துடைக்கும், தோளில் கிடக்கும், டீக்கடை பெஞ்சில் உட்காரும் முன் தூசி தட்டும். எந்தத் தொப்பிக்கும் இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

கோயிலில் சாமிக்குச் சாத்திய பட்டை அர்ச்சகர் ஒருவர் தலையில் கட்டினால் அது பரிவட்டம். அதை யாரும் தானாகக் கட்டிக்கொள்ள முடியாது. யாருக்கு முதல் பரிவட்டம் என்ற சண்டை நீதிமன்றம் வரை போன ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. கோயிலோடு தொடர்பில்லாத இடத்திலும், ஒருவரைத் தூக்கிப் பிடித்தால் 'அவருக்குப் பரிவட்டம் கட்டிவிட்டார்கள்' என்கிறோம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தச் செங்கல்பட்டு வட்டாரத்து வயல்களில் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் ஆண்டை எதிரே வந்தால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தலைப்பாகை மரியாதை என்றால், அதை அவிழ்க்கச் சொல்வது அவமானம். தமிழ்நாட்டில் தலையில் இருப்பது வெறும் அலங்காரமாக ஒருநாளும் இருந்ததில்லை. அதை அங்கே வைக்கவும் எடுக்கவும் யாருக்கு அதிகாரம் என்பதுதான் எப்போதும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு ரத்தத்தில் பதில் எழுதப்பட்ட இடம் வேலூர்.

1805 நவம்பரில் சென்னை மாகாணப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக், சிப்பாய்களுக்குப் புது உடுப்பு விதிகளைக் கொண்டுவந்தார். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதி, சமயக் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும், மீசையும் சொன்ன அளவில் இருக்க வேண்டும். இவற்றோடு புதிய தலைப்பாகை ஒன்றும் வந்தது. பெயர்தான் தலைப்பாகை, பார்க்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி, தோலால் ஆன குஞ்சத்தோடு இருந்தது. அந்தத் தோல் மாட்டுத்தோலா பன்றித்தோலா என்ற சந்தேகம் இந்துவையும் முஸ்லிமையும் ஒரே நேரத்தில் குத்தியது. அதைவிட ஆழமான பயம் வேறு. தொப்பிக்காரன் என்றால் கிறித்தவன், பரங்கி. இதைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் உறவுக்காரன் உடன் உட்கார்ந்து சாப்பிடுவானா, பெண் கொடுப்பானா?

1806 மே மாதம் வேலூரில் இருந்த படைப்பிரிவு ஒன்று தொப்பியை அணிய மறுத்தது. மறுத்தவர்களைச் சென்னைக்குக் கொண்டுவந்து விசாரித்தார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 900 கசையடியும் வேலைநீக்கமும் தண்டனை. கசையடியோடு விஷயம் முடிந்தது என்று கிழக்கிந்தியக் கம்பெனி நினைத்தது. ஜூலை 10ஆம் தேதி விடியும் முன்பே வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். முதல் நாள்தான் கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தான் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நடந்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையர் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே கோட்டையைப் பிடித்தார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தாம்பரத்திலிருந்து மேற்கே ஒரு நாள் நடையில் போய்விடக்கூடிய வாலாஜாபாத் பாளையமும் அந்த ஆண்டில் புகைந்துகொண்டிருந்தது.

வேலூர்ப் புரட்சியைத் 'தொப்பிக் கலகம்' என்று சுருக்குகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. சம்பளம், அவமதிப்பு, பறிபோன அரசுகள் என்று அடியில் எத்தனையோ கனன்றன. ஆனால் ஒரு மனிதன் தன் தலைக்கு எதை ஏற்றுக்கொள்வான் என்பதில் கை வைத்தபோதுதான் அது பற்றிக்கொண்டது. கம்பெனிக்கும் அது புரிந்தது. புது உடுப்பு ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. மறு ஆண்டே கிரடாக்கும் கவர்னர் வில்லியம் பென்டிங்கும் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்கள். ஒரு தொப்பி ஒரு கவர்னரின் நாற்காலியைப் பறித்த கதை இது. 2006இல் இருநூறாம் ஆண்டு நினைவாக அஞ்சல் தலையும் வந்தது.

சிப்பாய் தலையில் தொப்பியை ஏற்ற முடியாத வெள்ளைக்காரர் தம் தலையில் ஏற்றிக்கொண்டது சோலா தொப்பி. நம் ஊர் ஆட்கள் அதைத் 'துரைத் தொப்பி' என்றார்கள், சோலார் தொப்பி என்றும் சொன்னார்கள். வெயிலுக்குப் போடுவதால் சூரியனைக் குறிக்கும் சொல் என்று பலரும் எண்ணுகிறார்கள். சோலா என்பது வடக்கே ஒரு நீர்ச்செடியின் பெயர். தமிழில் நெட்டி. ஏரி, சதுப்பு நிலங்களில் வளரும் அந்தச் செடியின் தண்டுக்குள் இருக்கும் வெள்ளைச் சோறு காகிதம்போல லேசானது, பஞ்சுபோல மெத்தென்றது. தண்டின் தோலைச் சீவிவிட்டு உள்சோற்றைச் சுற்றிச் சுற்றி மெல்லிய தாளாகச் சீவுவார்கள். அந்தத் தாள்களை ஓர் அச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்டி, காயவைத்து, மேலே வெள்ளை அல்லது காக்கித் துணி போர்த்தித் தைத்தால் தொப்பி. உள்ளே நெற்றி படும் இடத்தில் வியர்வைக்குத் தோல்பட்டை, உச்சியில் காற்று போகச் சிறு குமிழ். கையில் எடுத்தால் கனமே தெரியாது. மழையில் நனைந்தால் மட்டும் ஊறிப்போகும். அதனால் மழைக்காலத்துக்குத் தக்கையில் செய்தது வேறு வைத்துக்கொண்டார்கள்.

இதே நெட்டியைத்தான் காவிரி டெல்டாவில் சாயம் தோய்த்து மாலையாகக் கோத்து மாட்டுப் பொங்கல் அன்று மாட்டின் கழுத்தில் கட்டுகிறோம். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் நெட்டியில் பெரிய கோயிலைச் செதுக்குகிறார்கள். அந்த வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் ஏரிக்கரைச் செடி ஒரு சாம்ராஜ்யத்தின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது என்பதை நினைத்துப் பார்க்கையில் இந்தக் கட்டுரையாளருக்கு வியப்பு அடங்குவதில்லை.

துரைமார் அதை எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள். வெள்ளைத் தோலை இந்திய வெயில் மண்டை வழியாகத் தாக்கிக் கொன்றுவிடும் என்று அவர்களுடைய மருத்துவர்களே நம்பினார்கள். அதனால் காலை எழுந்து வாசலுக்கு வந்தால் தொப்பி. சாயங்காலம் வெயில் இறங்கினால்தான் அது ஆணிக்குப் போகும். குழந்தைகளும் தப்ப முடியாது. சர்ச்சுக்குள், வீட்டுக்குள், பெண்கள் முன்னால் கழற்ற வேண்டும். பரங்கிமலை, பல்லாவரத்து ஆங்கிலோ இந்தியர்களுக்கு இந்தத் தொப்பி இன்னொரு வகையில் முக்கியம். அது யார் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லும் அடையாளம்.

வெயில் கொல்லும் என்ற நம்பிக்கை இரண்டாம் உலகப் போரில் உடைந்தது. சாதாரணத் துணித்தொப்பியோடும் வெறுந்தலையோடும் பர்மாக் காட்டில் சண்டையிட்ட வெள்ளைச் சிப்பாய்கள் வெயிலால் செத்து விழவில்லை. இந்தியாவுக்கு வரும்போது போர்ட் சைது துறைமுகக் கடையில் வாங்கிய சோலா தொப்பியை, நாட்டைவிட்டுப் போகும்போது அதே துறைமுகத்துக்கு அருகே கடலில் வீசுவது அவர்களுக்கு ஒரு சடங்காக ஆயிற்று. அலைமேல் வெள்ளையாக மிதந்துபோன நெட்டியைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

துரைகளைப் பார்த்து நம்மவர்களும் தொப்பிக்கு மாறிவிடவில்லை. அதற்குப் பெரிய தடை குடுமி. தலையின் பின்புறம் முடிச்சு இருக்கும்போது ஐரோப்பியத் தொப்பி சரியாக உட்காராது. 1914 மார்ச்சில் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறும் முன் முதலில் போனது அவர் குடுமிதான். குடுமிக்கும் கோட்டுக்கும் இடையே சமாதானம் செய்துவைத்தது தலைப்பாகை. மேலே கோட்டு, கீழே பஞ்சகச்சம், தலையில் வெள்ளைப் பாகை என்பதே வக்கீல், குமாஸ்தா, வாத்தியார் எல்லோருக்கும் கச்சேரி உடுப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயரின் சிலை அங்கேயே இருக்கிறது. தலையில் பாகை, காலில் செருப்பு இல்லை. வெள்ளைக்காரன் மரியாதைக்குத் தலையைத் திறப்பான்; நம்மவன் மரியாதைக்குத் தலையை மூடிக் காலைத் திறப்பான். இரண்டு முறையும் ஒரே அறையில் சந்தித்துக்கொண்டதை அந்தக் கல் காட்டுகிறது.

1931இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஏப்ரல் 2ஆம் தேதி தொடக்க விழா, மே 11ஆம் தேதியிலிருந்து பொதுமக்களுக்கு. அதுவரை ஏரியும் பனங்காடுமாக இருந்த ஊர்களுக்குக் குமாஸ்தாக்கள் குடிவந்தது இதனால்தான். கூட்டத்தில் தொற்றிக்கொண்டு போகிறவருக்குப் பெரிய தலைப்பாகை தோதுப்படாது. கிராப்புத் தலையும் எண்ணெயும் சீப்பும் வந்தன. தந்தை பாகையோடு போன அலுவலகத்துக்கு மகன் வெறுந்தலையோடு போனான். யாரும் சட்டம் போடவில்லை, கலகம் செய்யவில்லை.

1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி பாரிமுனையை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. சேலையூரை ஒட்டிய காட்டு நிலத்தில் ஸ்காட்லாந்துப் பேராசிரியர்கள் மரம் நட்டார்கள். இன்று மான் திரியும் வளாகம் அது. தலைப்பாகையை உலகமெங்கும் எடுத்துப்போன ஒருவர் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்: சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். கல்லூரி நகருக்குள் இருந்த காலத்தில் அங்கே தத்துவம் படித்தவர். 1936இல் ஆக்ஸ்போர்டில் ஸ்பால்டிங் பேராசிரியராகப் போனபோதும், 1962இல் குடியரசுத் தலைவரானபோதும் அதே வெள்ளைப் பாகை, அதே நீளக் கோட்டு. செப்டம்பர் 5ஆம் தேதி ஆசிரியர் தினத்தில் பள்ளிப் பிள்ளைகள் ராதாகிருஷ்ணனாக வேஷம் போடக் கண்ணாடியும் ஒரு வெள்ளைத் துண்டும் போதும். பாரதியாகவும் அப்படியே: காசியில் வாழ்ந்த நாட்களில் அவர் தலைக்கு வந்த முண்டாசும் ஒரு மீசையும் இருந்தால் எந்த ஐந்து வயதுக் குழந்தையும் பாரதிதான்.

ஆனால் இந்த வட்டாரத்தின் தலைப்பாகை வரலாற்றில் முதலிடம் தர வேண்டியவர் இரட்டைமலை சீனிவாசன். தாம்பரத்துக்குத் தெற்கே, மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம் அவர் ஊர். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தினார். 1924இல் பொதுச் சாலை, பொதுக் கிணறு எல்லோருக்கும் திறந்தவை என்று அறிவிக்கும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். அவர் படங்களைப் பாருங்கள்: கோட்டு, தலையில் நேர்த்தியாகக் கட்டிய பாகை. தன் மக்கள் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்க வேண்டியிருந்த மாவட்டத்திலிருந்து போன மனிதர், பேரரசின் சபையில் தலைப்பாகையை அவிழ்க்காமல் நின்றார். ராதாகிருஷ்ணன் பாகைக்குப் பின்னால் புலமை இருந்தது. சீனிவாசன் பாகைக்குப் பின்னால் ஒரு மக்கள் கூட்டத்தின் நிமிர்வு இருந்தது. அதை இந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேஷமாகக் கட்டிக் காட்டலாம்.

குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில் தோல் வணிகரும் முஸ்லிம் லீக் தலைவருமான காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் வாழ்ந்தார். நீள அங்கி, வெண்தாடி, தொப்பி என்று எளிமையாக இருந்த அவர்தான் அரசியல் நிர்ணய சபையில் தமிழை ஆட்சிமொழியாக்கலாம் என்று எழுந்து வாதாடினார். தமிழ் முஸ்லிம் தலையின் வகைகளும் பலவே. ஒரு காலத்தில் சிவப்புத் துருக்கித் தொப்பி, தொழுகைக்கு வெள்ளைக் குல்லா, மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை. கோவளம் தர்காவுக்குப் போகும் இந்துக்கள்கூட வாசலில் கைக்குட்டையை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்வார்கள். அதுவரை அழைப்பு வந்ததா என்று செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த பையன், கைக்குட்டை தலைக்கு ஏறியதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான்.

காந்தித் தொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குப் பெயர் கொடுத்தவர் அதைத் தலையில் வைத்திருந்தது சில ஆண்டுகள்தான். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில் சட்டையோடு அதையும் துறந்தார். தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்கள் மாநாட்டுக்கும் ஊர்வலத்துக்கும் அதைப் போட்டார்கள். மற்ற நாட்களில் துண்டே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

தொப்பி இன்றும் முழு அதிகாரத்தோடு வாழும் இடம் ராணுவம். 1962 சீனப் போருக்குப் பின், அதிகாரிகளை விரைவில் தயாரிக்கப் பரங்கிமலையில் 1963இல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். 1988 ஜனவரி 1 முதல் அது அதிகாரிகள் பயிற்சி அகாடமி. 1992இல் பெண்களும் சேர்ந்தார்கள். இலங்கையில் 1987 நவம்பரில் வீரமரணம் அடைந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இங்கே படித்தவர். அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர். நாள்தோறும் வேலைக்கு 'பெரே' என்னும் மெத்தென்ற தொப்பி, விழாவுக்கு முன்விளிம்பு வைத்த தொப்பி. பெரேயின் நிறமும் சின்னமும் எந்தப் பிரிவு என்று சொல்லும். குன்னூர் வெலிங்டனைத் தாயகமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரரைத் தொப்பியில் உள்ள கறுப்புக் குஞ்சத்தை வைத்தே கண்டுகொள்ளலாம். தொப்பி இல்லாத தலைக்குக் கைதூக்கி சல்யூட் இல்லை, விறைப்பாக நிற்பதுதான். பயிற்சி முடிந்து தோளில் நட்சத்திரம் ஏறிய நாளில் மட்டும் இளைஞர்கள் தொப்பியை வானத்தில் எறிகிறார்கள். பத்திரிகைகளில் வருகிற படம் அதுதான். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் இயங்கும் பறப்புப் பயிற்றுநர் பள்ளியால் நீலத் தொப்பிகளும் ஊருக்குப் பழகிப்போயின. வெட்சியும் தும்பையும் போன இடத்தில் பெரேயும் விளிம்புத் தொப்பியும் வந்திருக்கின்றன. தலையைப் பார்த்துக் காரியத்தைச் சொல்லும் முறை மட்டும் மாறவில்லை.

ராணுவத்துக்கு வெளியே தொப்பி எங்கே இருக்கிறது? வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் இருக்கிறது. பழைய சாமானும் செடிகளும் துணிமணியும் குவியும் இடத்தில் கிரிக்கெட் தொப்பியும் கிடைக்கும். திருப்பதி, திருப்போரூர் போய்வந்த குடும்பத்தின் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளில் இருக்கிறது. திண்டுக்கல்லில் 1957இல் பிரியாணிக் கடை போட்ட நாகசாமி நாயுடு எப்போதும் தலைப்பாகை கட்டியிருந்ததால் வந்த 'தலப்பாக்கட்டி' என்ற பெயர்ப்பலகையில் இருக்கிறது. 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு டி.டி.வி.தினகரனுக்குத் தொப்பிச் சின்னம் கிடைத்தபோது வேட்பாளரும் தொண்டர்களும் தொப்பியோடு தெருவில் இறங்கினார்கள், தேர்தல்தான் ரத்தாகிவிட்டது. தாம்பரத்துக்குத் தனி மாநகரக் காவல் ஆணையரகம் வந்தது 2022 ஜனவரியில். கோடை வந்தால் போக்குவரத்துக் காவலர்களுக்கு மோரும் வெயில் தொப்பியும் கொடுக்கிறார்கள். அந்தத் தொப்பியின் உருவத்தைக் கவனித்தால் பழைய துரைத் தொப்பியின் பேரன் என்று தெரியும்.

இன்று ஜி.எஸ்.டி. சாலையில் மிகுதியாகத் தென்படும் தலையணி ஹெல்மெட். தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்றார்கள், தளர்ந்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் மீண்டும் கெடுபிடி வந்தது. இதையும் சிலர் வேலூர்ச் சிப்பாய் போலவே எதிர்த்தார்கள், என் தலை என் உரிமை என்று. அந்த ஒப்பீடு பொருந்தாது. வேலூர்த் தொப்பி அவமதித்தது, இது காப்பாற்றுகிறது. 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. தாடைப் பட்டையை மாட்டாமல் பெயருக்குக் கவிழ்த்துக்கொண்டு போகிறவர்களைப் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் பார்க்கும்போது மட்டும் மனம் பதறுகிறது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பழைய வீடுகளில் பரணையும் டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். தாத்தாவின் மடித்துத் தைத்த கச்சேரிப் பாகை, ரயில்வே கார்டின் தொப்பி, பூச்சி அரித்த சோலா தொப்பி ஏதாவது இருக்கலாம். நெட்டி நனைந்தால் கெட்டுவிடும், அதனால் தண்ணீர் விட்டுத் துடைக்காதீர்கள். நிழலில் வைத்து ஒரு புகைப்படம் எடுங்கள். யார் போட்டது, எந்த வேலைக்கு, எந்த நாளில் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதோடு வையுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் எழும்பூர் அருங்காட்சியகத்திலோ பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.